கொலைகாரன் நம்மோடு பந்தியில் உட்கார்ந்தவன்தான்: அடைபட்ட வட்டத்துக் கதைகள் ஏன் பிடிக்கின்றன?

கெடிலக்கரை வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

இங்குள்ளவர்களில் பலர் துப்பறியும் கதைகளைப் படித்தே வளர்ந்தவர்கள் என்பதால் இந்தக் கேள்வியை வைக்கிறேன். தனித் தீவு, பனியில் சிக்கிய ரயில், வெள்ளத்தில் பாதை துண்டிக்கப்பட்ட மாளிகை என்று வெளியுலகத் தொடர்பு அறுந்துபோன ஓரிடத்தில் ஏழெட்டுப் பேர் கூடியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கொல்லப்படுகிறார். வெளியாள் யாரும் வந்திருக்க வழியில்லை என்பதால் மிச்சமிருப்பவர்களில் ஒருவரே கொலையாளி. அகதா கிறிஸ்டி 1939-இல் எழுதிய, பத்துப் பேர் ஒரு தீவில் மாட்டிக்கொள்ளும் நாவலை இந்த வகையின் உச்சமாகச் சொல்வார்கள்.

என் ஐயம் இதுதான். இந்த வகையில் நான் முதலில் படித்த நாவலை ஒரு வாடகை நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்தேன். எனக்கு முன்னால் அதை எடுத்துச் சென்ற புண்ணியவான் யாரோ, பாத்திரங்கள் அறிமுகமாகும் பக்கத்திலேயே ஒரு பெயரின் அடியில் நீல மையால் கோடு இழுத்து, ஓரத்தில் அம்புக்குறி போட்டு, ‘இவர்தான்’ என்று எழுதிவைத்திருந்தார். விடை தெரிந்த விடுகதையை யாரும் மறுபடி கேட்பதில்லை. ஆனால் நானோ அந்தப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை கீழே வைக்காமல் படித்தேன்; சில மாதம் கழித்து இன்னொரு முறையும் எடுத்து வந்தேன். புதிர்தான் கவர்ச்சி என்றால், விடை தெரிந்த பிறகும் என்னைப் பிடித்து வைத்தது எது?

இதோடு சேர்ந்த இன்னொரு கேள்வியும் உண்டு. நம் மாத நாவல்களில் துரத்தலும் கடத்தலும் ஆள்மாறாட்டமும் கிடைத்த அளவுக்கு, ஒரே வீட்டுக்குள் அடைபட்ட இந்த வகைக் கதை ஏன் கிடைக்கவில்லை? கடலூரிலோ புதுச்சேரியிலோ உள்ள ஒரு வீட்டில் இப்படியொரு கதையை வைக்க முடியுமா?

முத்தியால்பேட்டை பிரெஞ்சு வாத்தியார்

அம்மா, முதல் பாதிக்கு மட்டும் இப்போது பதில் சொல்கிறேன்; இரண்டாம் பாதிக்கு வழக்காடத் தெரிந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

இந்த வகைக் கதை எழுத்தாளருக்கும் வாசகருக்கும் இடையிலான ஓர் ஒப்பந்தத்தின்மேல் நிற்கிறது. ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1929-இல் அந்த ஒப்பந்தத்தைப் பத்து விதிகளாக எழுதியே வைத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், பேய் பிசாசுக்கு இடமில்லை, ஒன்றுக்கு மேல் இரகசிய வழி கூடாது, உலகம் அறியாத புது விஷம் கூடாது, துப்பறிபவர் கண்ட தடயத்தை வாசகரிடமிருந்து மறைக்கக் கூடாது என்றெல்லாம் அதில் வரும். (கொலைக்கதைக்குக் கட்டளை வகுக்கப் பிறரின் பாவ அறிக்கையைக் கேட்டுப் பழகியவரைவிடத் தகுந்தவர் யார் என்று என் மாணவன் ஒருவன் கேட்டான், என்னிடம் பதில் இல்லை.) அமெரிக்காவில் எல்லரி குயின் என்ற பெயரில் இருவர் சேர்ந்து எழுதிய நாவல்களிலோ, விடை வெளியாவதற்குச் சற்று முன்னால் கதை நின்றுவிடும், வேண்டிய தடயங்கள் எல்லாம் உங்கள் கைக்கு வந்துவிட்டன, இனி நீங்களே கண்டுபிடியுங்கள் என்று வாசகருக்கு அறைகூவல் விடப்படும்.

அடைபட்ட வட்டம் இந்த ஒப்பந்தத்துக்கு மிகவும் ஏற்றது. ஊர் முழுவதும் சந்தேகத்துக்குரியது என்றால் வாசகர் ஊகிப்பதில் பொருளே இல்லை. எட்டுப் பேருக்குள்தான் என்று வரம்பு கட்டிய கணத்திலேயே எழுத்தாளர் தம் கையைத் தாமே கட்டிக்கொள்கிறார். கடைசி அத்தியாயத்தில் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தித் தப்பிக்க அவரால் முடியாது. கை கட்டப்பட்ட ஒருவர் நம் கண்ணெதிரிலேயே பொருளை மறைத்துக் காட்டுகிறார் என்பதில்தான் முதல் வாசிப்பின் சுவை இருக்கிறது.

விடை தெரிந்த பிறகு கிடைப்பது வேறு சுவை. ஒரு வாக்கியத்தை நானே எடுத்துக்காட்டாக எழுதுகிறேன்: ‘அறைக்குள் எட்டிப் பார்த்த மைத்துனரின் முகம் வெளுத்துவிட்டது; கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.’ முதல் முறை படிக்கும்போது, பிணத்தைக் கண்டு அவர் அதிர்ந்துபோனார் என்று எடுத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடுவோம். மைத்துனர்தான் கொலையாளி என்று தெரிந்து படித்தால், தாம் போட்டுவிட்டுப் போன இடத்தில் கத்தி இல்லை என்பதைப் பார்த்துத்தான் அவர் வெளுத்தார் என்று விளங்கும். வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. பொய் சொல்லாமலே நம்மை ஏமாற்றிய அந்த வேலைப்பாட்டை உடனிருந்து பார்க்கும் வாய்ப்பு, அம்புக்குறி போட்ட அந்தப் புண்ணியவானால் உங்களுக்கு முதல் வாசிப்பிலேயே வாய்த்திருக்கிறது.

லண்டனில் 1952 நவம்பரில் மேடையேறிய கிறிஸ்டியின் நாடகம் ஒன்றும் பனியால் அடைபட்ட விடுதியில் நடப்பதுதான். கொலையாளியை வெளியில் சொல்லாதீர்கள் என்று நாடகம் முடியும் ஒவ்வொரு முறையும் பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வது அங்கே வழக்கம். பெருந்தொற்றுக் காலத்து இடைவெளி தவிர அந்த நாடகம் லண்டனில் தொடர்ந்து நடந்து வருகிறது. இத்தனை ஆண்டுகளில் இரகசியம் எத்தனையோ பேருக்குத் தெரிந்திருக்கும்; இருந்தும் கூட்டம் வருகிறது.

நெய்வேலிக்காரன்

வாத்தியார் ஐயா அழகாகச் சொல்லிவிட்டார்; ஆனாலும் மறுத்துப் பேச ஒருவராவது வேண்டும். இந்தக் கதைகளில் மனிதர்கள் இல்லை, சதுரங்கக் காய்கள்தான் இருக்கின்றன. வீட்டுக்குள் பிணம் கிடக்கும்போது தேநீர் நேரம் தவறவில்லை என்று குறித்துக்கொண்டிருப்பவர்களிடம் எனக்கு இரக்கம் பிறப்பதில்லை. அமெரிக்கத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லர் 1944-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் சாடினார். கொலையை அதற்கான காரணம் உள்ள மனிதர்களிடம் திருப்பிக் கொடுத்தவர் என்று சக எழுத்தாளர் டேஷியல் ஹாமெட்டை அவர் புகழ்ந்ததும் அந்தக் கட்டுரையில்தான். நிஜத்தில் ஒரு கொலை நடந்தால் பிரேதப் பரிசோதனை, கைரேகை, கைப்பேசிக் கோபுரப் பதிவு என்று காவல்துறை தன் வேலையைப் பார்க்கும். வீட்டாரை எல்லாம் கூடத்தில் உட்காரவைத்து யாரும் சொற்பொழிவாற்றுவதில்லை.

தமிழில் ஏன் இல்லை என்ற கேள்விக்கும் என்னிடம் பதில் உண்டு. நம் துப்பறியும் கதை வாரப் பத்திரிகையில் வளர்ந்தது. மூன்றாம் வாரம் வைத்த தடயத்தை இருபதாம் வாரம் நினைவுபடுத்திக்கொள்ள வாசகருக்குப் பழைய இதழ் கையில் இருக்க வேண்டும். அதுவோ அதற்குள் பழைய பேப்பர் கடைக்குப் போய்ச் சுண்டல் பொட்டலமாகியிருக்கும். தேவன் எழுதிய துப்பறியும் சாம்புவைப் பாருங்கள். எந்த வழக்கையும் அவன் யோசித்துக் கண்டுபிடிப்பதில்லை. எதிலாவது தடுக்கி விழுந்தால் குற்றவாளியின் மேல்தான் விழுவான். தற்செயல் துப்பறிபவருக்கு உதவக் கூடாது என்பதும் அந்தப் பாதிரியாரின் விதிகளில் ஒன்று. தமிழர்கள் மிகவும் நேசித்த துப்பறிவாளன் அந்த ஒரு விதியை மீறியே பிழைத்தவன்.

லாசுப்பேட்டை செவிலியர்

நெய்வேலி ஐயாவுக்கு ஒரே ஒரு செய்தி. கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்தவர்; விஷங்களைப் பற்றி அவர் எழுதியதெல்லாம் அந்த அனுபவத்தின் மேல் எழுந்தது. 1977-இல் கத்தாரிலிருந்து லண்டன் மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தைக்கு என்ன நோய் என்று மருத்துவர்களுக்குப் பிடிபடவில்லை. அங்கே பணியில் இருந்த செவிலியர் ஒருவர் அப்போது கிறிஸ்டியின் 1961-ஆம் ஆண்டு நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் முடி உதிர்வது முதலாக விவரிக்கப்பட்டிருந்த அறிகுறிகள் குழந்தையிடமும் இருப்பதைப் பார்த்து, தாலியம் நச்சாக இருக்கலாம் என்று அவர் சொன்னார். சோதனையில் அதுவே உறுதியாகி, குழந்தை பிழைத்தது. சதுரங்கக் காய்களைப் பற்றிய புத்தகம் என்றாலும், சின்ன அறிகுறியைக் கவனிக்காமல் விடக் கூடாது என்ற பழக்கத்தை அது வாசகருக்குத் தருகிறது. எங்கள் தொழிலில் இரவுப் பணிக்கு அது போதும்.

மஞ்சக்குப்பம் பத்திர எழுத்தர்

நான் இதை வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். ஆங்கில மாளிகைக் கதைகளில் கொலைக்கு அடிக்கடி சொல்லப்படும் காரணம் உயில். பணக்காரக் கிழவர் வக்கீலை நாளைக் காலை வரச் சொல்லியிருக்கிறார், எல்லாவற்றையும் செவிலிப் பெண்ணுக்கோ அறக்கட்டளைக்கோ மாற்றி எழுதப்போகிறார், அன்றிரவே செத்துப்போகிறார். இது அங்கே பொருந்துவதற்குச் சட்டம்தான் காரணம். இங்கிலாந்தில் 1938-இல் புதிய சட்டம் வரும்வரை ஒருவர் தம் மனைவி மக்களுக்குக் காலணாகூட வைக்காமல், தம் சொத்து முழுவதையும் விரும்பியவருக்கு எழுதிவைக்க முடிந்தது. இந்த வகைக் கதைகளின் பொற்காலம் என்று சொல்லப்படுகிற, இரண்டு போர்களுக்கு இடைப்பட்ட காலமும் ஏறக்குறைய அதுதான். வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் சோறும் ஒரு கிழவரின் பேனா முனையில் தொங்கும்போது, அந்த வீட்டில் எட்டுப் பேரையும் சந்தேகிக்கலாம்.

நம்மிடம் அப்படியில்லை. இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே பங்கு வந்துவிடுகிறது. தந்தை தம் பங்கை வேண்டுமானால் உயில் எழுதலாமே தவிர, மகனின் பங்கைத் தொட முடியாது. புதுச்சேரியில் இன்னும் சுவாரசியம். பிரெஞ்சு ஆட்சியில் 1881-ஆம் ஆண்டு ஆணையின்கீழ்த் தங்கள் சாதி, சமயச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் அங்கே உண்டு. அந்தச் சட்டத்தில் பிள்ளைகளுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கும். எவ்வளவு கோபம் வந்தாலும் தகப்பனார் அதில் கைவைக்க முடியாது. ஆகவே ‘நாளைக் காலை உயிலை மாற்றப்போகிறேன்’ என்று ஒரு கிழவர் உறுமினால், ஆங்கில மாளிகையில் எல்லோருக்கும் வியர்க்கும். எங்கள் தெருவில் மருமகள் காபி ஆற்றிக்கொண்டே, ‘சரி மாமா, சாப்பிட்டுவிட்டு மாற்றுங்கள்’ என்பாள். தமிழில் இந்த வகை வேரூன்றாததற்கு வாரப் பத்திரிகையைவிட இது பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

ஆனால் நம்மிடம் வேறு வகைக் காரணம் இருக்கிறது. அது உயிலைவிடக் கூர்மையானது. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மறுத்தால் போதும். வழக்கு நீதிமன்றத்துக்குப் போய் ஒரு தலைமுறை நடக்கும். தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதும் 2005-லும் வந்த சட்டத் திருத்தங்களுக்குப் பிறகு பெண்மக்களும் பூர்வீகச் சொத்தில் பங்காளிகள். சமநீதியின் பார்வையில் காலம் கடந்து வந்த நன்மை. மர்மக்கதை எழுதுபவருக்கோ சந்தேகத்துக்குரியவர்களின் பட்டியல் இரட்டிப்பாகிவிட்டது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, கொலை செய்தவர் கொல்லப்பட்டவரின் சொத்தை அடைய முடியாது என்கிறது. எனவே நம் கொலையாளி தூக்குக் கயிற்றுக்கு மட்டுமல்லாமல், வில்லங்கச் சான்றிதழுக்கும் பயந்து தன்னை மறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

பண்ருட்டிக்காரர்

அடைபட்ட வட்டம் நம் பக்கத்தில் நடக்காது என்று நினைப்பவர்கள் தானே புயலை மறந்துவிட்டார்கள். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே அது கரையைக் கடந்தபோது, எங்கள் பகுதியில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து பாதையை அடைத்துக்கொண்டன. மின்சாரம் இல்லை, கைப்பேசி இல்லை. மரங்களை அறுத்து வழிவிடும்வரை யாரும் உள்ளே வரவோ வெளியே போகவோ முடியவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த சித்தப்பா, அத்தை குடும்பங்களோடு ஒரே வீட்டில் இருந்தோம்.

கொலை எதுவும் நடக்கவில்லை. டார்ச் விளக்கின் பேட்டரிகள் காணாமல் போயின. அவ்வளவுதான், வீட்டின் முகமே மாறிவிட்டது. சாப்பிடும்போது யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அத்தை தன் பையைத் தானாகவே திறந்து காட்டினார். அதனாலேயே சித்தி அத்தையைச் சந்தேகித்தார். கிரிக்கெட் வர்ணனை கேட்பதற்காகப் பெரியப்பா மகன் வானொலிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, பெட்டியை அரிசி மூட்டையின் பின்னால் வைத்திருந்தான். அவனைக் காட்டிக்கொடுத்தது ஆட்டத்தின் ஸ்கோர். மின்சாரமில்லாத வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்க முடியாத ஒன்றை அவன் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான். ஆத்தா அதைக் கேட்டுக்கொண்டு, வெற்றிலையை மென்று முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். நெய்வேலி நண்பருக்குச் சொல்கிறேன், அந்த இரண்டு நாள் எங்கள் வீட்டில் ஒருவர்கூடச் சதுரங்கக் காயாக இருக்கவில்லை.

கெடிலக்கரை வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

அனைவருக்கும் நன்றி. பண்ருட்டி ஐயா எழுதியதைப் படித்த பிறகு, என்னைப் பிடித்து வைத்தது எது என்பது இன்னும் தெளிவாகிறது. கொலையாளி யார் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்ததால், மற்றவர்கள் அவருக்கு உப்பை நகர்த்திக் கொடுப்பதையும், அவரிடமே தங்கள் பயத்தைச் சொல்லி அழுவதையும் நெஞ்சு படபடக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட இருப்பவரை நம்பித்தான் ஆகவேண்டும் என்ற நிலையும் நம்பக் கூடாது என்ற நிலையும் ஒரே மேசையில் இருந்தன.

ஒரு தடை மட்டும் இன்னும் இருக்கிறது. புயல் ஆண்டுதோறும் வராது. மற்ற நாள்களில் நம் வீடு திறந்தே கிடக்கும். தெருவைப் பார்த்துத் திண்ணை, நடுவில் முற்றம், பின்னால் கொல்லை. பால்காரர் முன்பக்கம் வருவார், கீரைக்காரம்மா பின்பக்கம் வருவார், பக்கத்து வீட்டுப் பிள்ளை சுவரேறி வரும். புதுச்சேரியில் வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள பிரெஞ்சுக்காரர் வீடுகளுக்கு உயர்ந்த மதிலும் ஒற்றை வாசலும் இருப்பதால் வட்டம் தானே அமையும். மேற்கே தாழ்வாரம் வைத்துக் கட்டிய தமிழ்த் தெரு வீட்டில் வட்டத்தை எப்படி மூடுவது?

முத்தியால்பேட்டை பிரெஞ்சு வாத்தியார்

அம்மா, இதே தடை ஜப்பானியருக்கும் இருந்தது. காகிதம் ஒட்டிய நகர்த்துக் கதவுகள் கொண்ட வீட்டில் பூட்டிய அறைக் கொலையை எப்படி வைப்பது என்று அங்கேயும் யோசித்தார்கள். செய்ஷி யோகோமிசோ 1946-இல் எழுதிய நாவலில் அதைச் செய்து காட்டினார். கிராமத்துப் பெரிய வீட்டில் திருமணம். முதலிரவில் தனிக் கட்டடத்தில் இருந்த மணமக்கள் வெட்டுண்டு கிடக்கிறார்கள். மழைத் தடுப்புப் பலகைகள் உள்ளிருந்து அடைக்கப்பட்டிருக்கின்றன. சுற்றிலும் பெய்த பனியில் வெளியேறிய காலடித்தடம் இல்லை. முற்றத்துப் பனியில் கொலை செய்த வாள் மட்டும் குத்தி நிற்கிறது. ஐரோப்பிய மாளிகை எதையும் அவர் கடன் வாங்கவில்லை. தம் ஊர் வீட்டின் பலகையையும் குடும்பக் கௌரவத்தையும் வைத்தே கட்டினார். நெய்வேலி நண்பரும் கவனிக்கவும்: அது பத்திரிகைத் தொடராகத்தான் வந்தது. பூட்டிய அறைக் கதைக்கு முன்னோடியான கஸ்தோன் லெரூவின் மஞ்சள் அறை நாவல் 1907-இல் பாரிஸ் பத்திரிகையில் தொடராக வந்ததே. அதற்கும் முந்தி, வில்கி காலின்ஸ் 1868-இல் எழுதிய, இந்திய வைரம் ஒன்று காணாமல் போகும் நாவல் வாரத் தொடர். பழைய பேப்பர் கடையின் மேல் பழி போட முடியாது; நம் வீடுகளிலும் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்துவைத்த பாட்டிகள் இருந்தார்கள்.

நெய்வேலிக்காரன்

வாரப் பத்திரிகை வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். சாம்புவை விட்டுக்கொடுக்க மாட்டேன். தமிழில் இந்த வகை இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது, 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தில் பாட்டும் கிடையாது, சண்டையும் கிடையாது. சுட்டுக் கொல்லப்பட்டவரின் வீட்டாரும் அறிந்தவர்களுமாக ஒரு சிலரை மட்டும் வைத்துக்கொண்டு, கடைசிவரை வெளியாளைத் தேடாமல் அது கதையை நடத்திவிட்டது. எழுபது ஆண்டு ஆகியும் அதன்பின் வரிசையாக ஆள் வரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

மஞ்சக்குப்பம் பத்திர எழுத்தர்

கொல்லைக் கதவைப் பற்றிக் கவலை வேண்டாம், சகோதரி. நம் வட்டத்தை மூடுவது சுவரல்ல, சடங்கு. மூத்தவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் வரை பங்காளிகள் ஒரே வீட்டில் இருப்பார்கள். துக்கம் விசாரிக்க வருபவர்கள் பகலில் வந்து, சொல்லிக்கொள்ளாமல் போய்விடுவார்கள்; இரவில் அந்நியர் தங்க மாட்டார். திண்ணையில் ஒரு தாயாதி படுத்திருப்பார், கொல்லையில் காரியத்துக்கு வந்த சமையல்காரர்கள் விடிய விடியப் பாத்திரம் துலக்குவார்கள். இரண்டு பக்கமும் சாட்சி இருக்க, உள்ளே யார் வந்திருக்க முடியும்?

கதையை இப்படி வைத்துக்கொள்வோம்: காரியம் முடிந்த மறுநாள் பாகப்பிரிவினை எழுத ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பதினைந்தாம் நாள் இரவு, கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்ட கடைசித் தம்பி இறந்து கிடக்கிறார். எல்லோரும் அவர்மேல் கோபமாக இருந்தவர்களே. ஆனால் பங்காளி இறந்தால் அவருடைய மனைவி, மக்கள், தாயார் என்று வாரிசுகள் வந்து நிற்பார்கள். முன்பு ஒரு கையெழுத்து தேவைப்பட்ட இடத்தில் இப்போது நான்கு தேவைப்படும். விவரம் தெரிந்த எவரும் பத்திரத்துக்காக அவரைக் கொன்றிருக்க மாட்டார். ஆகவே துப்பறிபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த வீட்டில் யாருக்குச் சட்டம் தெரியாது என்பது. இரண்டாவது, தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பவர் யார் என்பது.